அரை நாள் தூரம்

மாமியார் வந்தால் கட்டில் போய்விடும். வீட்டில் ஒரே அறை, ஒரே கட்டில். விமானத்தின் வயிற்றுக்குள் நிமிர வழியில்லாமல் முட்டி போட்டபடியே பெட்டி அடுக்குகிற சுமைக்காரனுக்கு அந்தக் கட்டில்தான் முதுகுக்கு மருந்து.

தன் தம்பி அம்மாவுக்கு விமான டிக்கெட் எடுக்கப்போகிறான் என்று பெண்டாட்டி சொன்னாள். பஸ்ஸில் ஒரு முழு நாள் ஆகிற தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். ஒன்றரை மணி நேரம். தினமும் அந்த விமானத்தைக் காலி செய்கிறவனே அவன்தான். ஆனாலும் அரை நாள் என்றான். தம்பி ஒன்றரை மணி என்றானே என்றாள். அது பறக்கிற நேரம் மட்டும், இங்கே இறங்க இடம் கிடைக்காமல் மேலேயே கழுகு மாதிரி சுற்றுவார்கள், அத்தையின் முட்டிவலிக்கு அது ஆகாது என்றான். விமான நிலையத்தில் வேலை பார்க்கிறவன் சொன்னால் மறுபேச்சு ஏது? அவள் அப்படியே அம்மாவுக்குப் போனில் ஒப்பித்தாள்.

அம்மா வரவில்லை என்று சொல்லவில்லை. அவ்வளவு தூரம் வெறுங்கையோடு வருவதா என்று மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம், காலை விமானத்தின் வயிற்றுக்குள் ஊர்ந்து போன சுமைக்காரன் கையில் நீலக் கயிறு போட்ட மூட்டை ஒன்று தட்டுப்பட்டது. அந்த முடிச்சு யாருடையது என்று அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அதை அவிழ்க்க முடியாமல் கத்தி தேடியவன். பின்னாலேயே இன்னும் இரண்டு மூட்டை, இரண்டும் அம்மிக்கல் கனம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவன் முதுகு அன்றைக்குத்தான் புரிந்துகொண்டது.

மதியம் வேலை முடிந்து வெளியே வந்தான். மாமியார் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மிட்டாய் குடுத்தாங்க மாப்பிள்ளை. வாயில கரையறதுக்குள்ள இறக்கி விட்டுட்டாங்க. மேல சுத்தவே இல்லையே."

அவன் மூட்டையைத் தூக்கக் குனிந்துகொண்டான்.

"பொண்ணுக்கு இன்னும் போன் போடல," என்றாள் அவள். "உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்."

வீட்டு வாசலிலேயே மகள், அரை நாளா உட்கார்ந்தே வந்தாய் என்று அங்கலாய்த்தாள். மாமியார் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றான்.

"மாப்பிள்ளை சொன்னது சரிதான்டி. சுத்து சுத்துன்னு சுத்திட்டாங்க." முட்டியைத் தடவிக்கொண்டாள். "ரெண்டு நாள்ல கிளம்பலாம்னுதான் வந்தேன். இவ்வளவு தூரம் உடனே திரும்பிப் போக முடியுமா?"

எத்தனை நாள் ஆகும் என்று அவன் மெல்லக் கேட்டான்.

"அது தூரத்தைப் பொறுத்தது. நீங்களே சொல்லுங்க. கிட்டத்தானா?"

பெண்டாட்டி திரும்பிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் கட்டில் கிடைக்கும், சோறு கிடைக்காது.

"ரொம்ப தூரம் அத்தை," என்று சொல்லிவிட்டுப் பாயை உதறினான்.

மாமியார் கட்டிலில் சாய்ந்து, கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். வந்த தூரத்துக்கு மோசமில்லை என்றாள்.