வெள்ளைப்போளம்

தலையணையை உருவும்போதுதான் மாத்திரைகள் கொட்டின.

அம்மாவின் தலையை இடது கையில் தாங்கிக்கொண்டு விஜி வலது கையால் இழுத்தாள். உறையின் ஓரத்தில் தையல் பிரிந்திருந்தது. அதன் வழியாக வெள்ளை வெள்ளையாகக் கட்டிலிலும் தரையிலும் சிதறின. சில முழுதாக இருந்தன. பல எச்சிலில் பாதி கரைந்து, பஞ்சு ஒட்டிக் காய்ந்திருந்தன.

உடலைக் குளிப்பாட்ட வந்திருந்த அனுசுயா அத்தை ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தாள். "இன்னாடி இது?"

விஜி இன்னொன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை இரண்டு பஸ் மாறிப் போய் அவள்தான் வாங்கி வந்தாள். மார்பில் தொடங்கிய புற்றுநோய் அம்மாவின் முதுகெலும்புக்குப் போனபிறகு அந்த வலி மாத்திரை ஒன்றுதான் மிச்சம். நாலு மணி நேரத்துக்கு ஒன்று. "வலி கொறையலையா?" என்று ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்பார். "கொறையல டாக்டர்." அளவைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். கடைசி முறை, இதை வெளியே யாருக்காவது கொடுக்கிறாளோ என்பது போல அவளை மேலும் கீழும் பார்த்தார். அன்று பஸ்ஸில் திருத்தணி வரும்வரை அவமானத்தில் உடம்பு எரிந்தது.

இவ்வளவு நாளும் அம்மா மாத்திரையை நாக்குக்கு அடியில் அடக்கி வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விழுங்கியிருக்கிறாள். விஜி விசைத்தறிக்குத் திரும்பியதும் துப்பியிருக்கிறாள்.

ஏன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

புனித வெள்ளியன்று ஜெபவீட்டில் சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேச வேண்டும். இந்த வருஷம் அம்மாவுக்கு ஐந்தாவது வார்த்தை வந்தது. தாகமாயிருக்கிறேன் என்பது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க பாஸ்டர் சுதாகர் வீட்டுக்கே வந்தார். ஆணி அடிப்பதற்கு முன்னால் வலி தெரியாமல் இருக்க வெள்ளைப்போளம் என்ற கசப்பு மருந்தைத் திராட்சரசத்தில் கலந்து கொடுத்தார்கள், இயேசு வாங்க மறுத்துவிட்டார், முழு நினைவோடு நமக்காக வலியைச் சுமந்தார் என்றார். அம்மா அதைப் பத்து நாள் மனப்பாடம் செய்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினாள். ஜெபவீடு முழுக்க அழுதது. பாஸ்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விஜி மாத்திரைகளைப் பொறுக்கித் தாவணி முனையில் முடிந்துகொண்டாள். எண்ணவில்லை.

அன்று ஆடிக் கிருத்திகை. மலைக்குப் போகிற ரோடு முழுக்கக் காவடி. பம்பைச் சத்தம் தெருவுக்குள் வந்து வந்து போனது. அம்மாவின் தம்பி கங்காதரன் மாமா மஞ்சள் வேட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். காவடி எடுக்க மாலை போட்டிருந்தவர். அக்கா செத்த சேதி வந்ததும் தீட்டு என்று காலையில்தான் கழற்றினார்.

பாஸ்டர் வந்து பெட்டியருகே ஜெபம் செய்து முடித்ததும் விஜியைத் தறிக்கு ஓரமாகக் கூப்பிட்டார். "கல்லறையில ஒரு சாட்சி சொல்லணும்மா. அம்மா எவ்ளோ சந்தோஷமா சகிச்சாங்கன்னு. ரெண்டு வார்த்த போதும்."

விஜி பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். அவள் முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

அவர் பார்த்தார். முகம் வெளுத்தது.

"துப்பியிருக்காங்க" என்றாள். "வெள்ளைப்போளம்."

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆண்டவரோட பாடுகள்ல பங்கெடுத்திருக்காங்கம்மா. அதுக்குக் கிரீடம் உண்டு. ஆனா இத வெளிய சொல்லாத. ஜெபவீட்டப் பத்தி ஊர்ல தப்பா பேசுவாங்க."

வாசலிலிருந்து மாமா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஏன் பாஸ்டர், மல மேல இருக்கற எங்க ஆளும்தான் அலகு குத்தச் சொல்றாரு. மல ஏறி எறங்குனா உருவிடுவாங்க. ஒங்க ஆளு உருவவே வுட மாட்டாரா?"

"டேய், சும்மா இர்றா" என்றாள் அனுசுயா அத்தை.

"நான் இன்னா தப்பா கேட்டுட்டேன்? பாவா, நீயாவது சொல்லு."

விஜி நைனா என்று கூப்பிடும் அவள் அப்பா வேதாசலம் தலையைக் குனிந்துகொண்டார். ஓடாத தறியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அம்மா ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தபோதும் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

கல்லறைக்கு வண்டி போய்ச் சேர இரண்டு மணி ஆகிவிட்டது. காவடிக் கூட்டத்தில் நின்று நின்று போனது. வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் பாஸ்டர் வேதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பேசினார்.

"நம்ம சகோதரி சுலோச்சனா எத்தன மாசம் படுக்கையில இருந்தாங்க! ஒரு தடவ முணுமுணுத்ததுண்டா? ஒரு தடவ கத்துனதுண்டா? ஆட்டுக்குட்டி மாதிரி வாய் தெறக்காம..."

"கத்துனாங்க."

யார் சொன்னது என்று எல்லோரும் பார்த்தார்கள். விஜிக்கே தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது.

"அம்மா கத்துனாங்க. தறி ஓடச்சொல்ல, அந்தச் சத்தத்துல கத்துனாங்க. எங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு."

"விஜி, அப்புறமா பேசலாம்மா."

"பேசட்டும்" என்றார் நைனா.

"ஆனி மாசம் ஒரு நாளு மத்தியானம் திடீர்னு கரண்ட்டு போச்சு. ரெண்டு தறியும் நின்னுச்சு. உள்ள ஒரு சத்தம் கேட்டுச்சு. மாட்ட அறுக்கற மாதிரி. நாங்க ஓடுனோம். இன்னாம்மான்னு கேட்டேன். பாட்டு பாடிகினு இருந்தேன்டின்னாங்க. ஒதட்டுல ரத்தம். நைனாவக் கேளுங்க."

நைனா குழியைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"இயேசுவும் கத்துனாரு பாஸ்டர். ஏன் கைவிட்டீங்கன்னு கத்துனாரு. நாலாவது வார்த்த. அது ரத்தினம்மா அக்காவுக்கு. எங்கம்மாவுக்கு அஞ்சாவது குடுத்தீங்க. தாகமா இருக்குதுன்னு அவரே வாயத் தெறந்து கேட்டாரு. புளிச்ச காடியில பஞ்ச நனச்சு வாயாண்ட நீட்டுனாங்க. வாங்கிகினாரு. வாங்குனப்புறம்தான் முடிஞ்சுதுன்னாரு. அதான அந்த வார்த்த? அத வுட்டுட்டு வாங்காதத மட்டும் சொல்லிக் குடுத்தீங்க."

அவளுக்கு மூச்சு வாங்கியது.  நிறுத்த முடியவில்லை.

"எல்லாருக்கும் சேர்த்து அவரு ஒருத்தரே பட்டுட்டாருன்னு வாராவாரம் சொல்றீங்க இல்ல? அப்ப எங்கம்மா எதுக்குப் பட்டாங்க? ரெண்டு பஸ் புடிச்சு நான் வாங்கியாந்தேன். என் கையாலயே குடுத்தேன். என்னையும் ஏமாத்திட்டு..."

அதற்கு மேல் வரவில்லை. அம்மாவின் மேலும் கோபம் இருந்தது. அதைப் பெட்டிக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

பாஸ்டரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "நான் பிரசங்கத்துக்காக சொன்னேன்மா" என்றார். ஜெபவீட்டுக் குரல் இல்லை அது. பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒரு சாதாரண ஆளின் குரல். "அவங்க இப்படி எடுத்துப்பாங்கன்னு... எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சப்புறமும் சந்தோஷமா சகிச்சாங்கன்னு சொல்லச் சொன்னீங்க."

யாரும் பாட்டு எடுக்கவில்லை. மண்வெட்டியோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது சபைப் பெண்களுக்குப் பின்னாலிருந்து இருவர் தாங்கிப் பிடிக்க கௌரியம்மாள் முன்னால் வந்தாள். இடுப்பெலும்பு தேய்ந்து, இரண்டு பேர் பிடித்தால்தான் நடக்கிற பெண். புனித வெள்ளியன்று முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட அதிகமாக அழுதவள். பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்து நின்றுகொண்டு, இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து வலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தாள். பத்து மாத்திரையும் அப்படியே இருந்தன. ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"யாராண்டயாவது தண்ணி இருக்குதா?"

எவரும் அசையவில்லை. பாஸ்டர்தான் போனார். தன் பைக்கில் மாட்டியிருந்த பையிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து, மூடியைத் திருகி அவளிடம் நீட்டினார். கௌரியம்மாள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினாள்.

விஜி அவரைப் பார்க்கவில்லை. குழியோரத்தில் குனிந்தாள். முதல் பிடி மண் அவள் போட வேண்டியது. கைக்கு வந்தது ஒரு பெரிய மண்கட்டி, வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தது.

"பொடி பண்ணிப் போடும்மா" என்றார் யாரோ.

அவள் உடைக்காமலே போட்டாள்.