பெட்டிச் சாவி யாரிடம்

திருச்சுழி ரோட்டில் ஜீப்பின் ஏ.சி. மறுபடியும் படுத்துக்கொண்டது. கண்ணாடியை இறக்கினால் புழுதி, ஏற்றினால் வேக்காடு. நான் இறக்கியே வைத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் புழுதிக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது.

"டாக்டரம்மா, நாளைக்கு வந்திருக்கலாம்ல? ஒங்க மூஞ்சியே சரியில்ல" என்றாள் இன்பராணி.

"என் மூஞ்சி எப்பவும் இப்படித்தான். அந்தப் பிள்ளை எழுதுனதைப் படிச்சியா, இல்லையா?"

"படிச்சேன்."

"பிறகென்ன நாளைக்கு?"

இன்பராணி பாளையம்பட்டிக்காரி. நான் இந்தப் பக்கம் வேலையை ஆரம்பித்த நாளிலிருந்து என்னோடு வீடுவீடாக அலைகிறவள். எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும் என்பது வரை அவளுக்குத் தெரியும். என் சிடுசிடுப்பை அவள் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை.

அன்று காலை ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வுக் கேள்விகள் கொடுத்திருந்தோம். மாரீஸ்வரி என்கிற பெண் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று எல்லாவற்றுக்கும் 'தினமும்' என எழுதியிருந்தாள். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்ற கடைசிக் கேள்விக்கும் அதே பதில்தான். சாயங்காலம் நான் அதைப் படித்துவிட்டு வகுப்புக்கு ஓடினால், தலைவலி என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். வீட்டு நம்பருக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை.

"அவுக வீட்ல நம்ம பெட்டி இருக்கு டாக்டரம்மா. போன மாசந்தான் பாத்தேன். பூட்டித்தான் கெடந்துச்சு" என்றாள் இன்பராணி. அது எனக்கு ஆறுதலாம்.

பெட்டி என்றால் இரும்புப் பெட்டி. என்னோடு படித்தவர்கள் எல்லாம் மதுரையில் ஆஸ்பத்திரி கட்டினார்கள், நான் கரிசல்காட்டில் பெட்டி விநியோகம் செய்தேன். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அடிக்கிற பூச்சிமருந்தை இங்கே வீட்டுக்குள்தான் வைத்திருப்பார்கள். ஒரு பிள்ளைக்கு மனம் உடைந்துபோகிற நேரத்தில் அது கைக்கெட்டாமல் இருந்தால், அந்தக் கெட்ட நேரம் தாண்டிப்போகும். தாண்டிவிட்டால் மருந்து மாத்திரை, பேச்சு, ஆள்துணை என்று எப்படியாவது கரையேற்றிவிடலாம். என் ஆராய்ச்சி மொத்தமும் இந்த ஒரு நம்பிக்கைமேல்தான் நின்றது.

நம்பிக்கை பாதிதான் பலித்தது. பெட்டி போன ஊர்களில் பெரியவர்கள் பூச்சிமருந்து குடித்துச் சாவது குறைந்தது. பிள்ளைகள் விஷயத்தில், அதிலும் பெண்பிள்ளைகள் விஷயத்தில், ஒரு மாற்றமும் இல்லை. ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்தாகிவிட்டது. இளையோருக்குப் பெட்டியால் பயனில்லை என்று கட்டுரையை முடித்துவிட்டு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கோயம்புத்தூரில் மகள் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, அங்கே போய்விடப்போகிறேன் என்று இன்பராணியிடமும் சொல்லியாகிவிட்டது. எனக்கு அலுத்துவிட்டது. நிஜமாகவே அலுத்துவிட்டது.

ஜீப்பைப் பார்த்ததும் மாரீஸ்வரியின் அப்பா உக்கிரபாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆறடி உயரம், கையெல்லாம் கரிசல்மண். அம்மா தங்கலட்சுமி அப்போதுதான் மில் வேனிலிருந்து இறங்கி வந்திருந்தாள், தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வாங்க டாக்டரம்மா, வாங்க. என்ன இம்புட்டுத் தூரம்?"

"மாரீஸ்வரி எங்க?"

"உள்ளதான் படுத்திருக்கா. தலவலின்னு வந்தா."

செருப்பைக் கழற்றினேனா என்றுகூட நினைவில்லை. உள்ளே பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. என் காலடிச் சத்தத்துக்குத் திரும்பி, "மேடம்" என்று எழுந்து உட்கார்ந்தாள். அப்பாடா என்றிருந்தது.

மூலையில் எங்கள் பெட்டி இருந்தது. பூட்டு தொங்கியது. இழுத்துப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது.

"சாவி எங்கம்மா?" என்று தங்கலட்சுமியிடம் கேட்டேன்.

"சாவிக்கென்ன டாக்டரம்மா, பத்திரமா இருக்கு. மாரிகிட்ட இருக்கு."

மாரீஸ்வரியின் கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாடாவிலேயே, அட்டைக்குப் பின்னால், அந்தச் சின்னச் சாவி.

"இவகிட்டயா?"

"பெறகு யார்கிட்ட? நான் விடிய வேன் ஏறுனா அந்திக்குத்தான் வாரேன். இவுக காட்டுல கெடக்காக. போற எடத்துல தொலச்சுப்புடுவாக. பீரோ சாவியிலருந்து எல்லாம் மாரிகிட்டதான். சின்னவன் துறுதுறுன்னு இருப்பான், அவன் கை படாம இவதான் பாத்துக்கிறா."

சொல்லும்போது அவள் முகத்தில் அத்தனை பெருமை. நான் இன்பராணியைப் பார்த்தேன்.

"பெட்டி குடுக்கையில என்ன சொல்லிக் குடுத்த?"

"நீங்க சொல்லச் சொன்னதத்தான் டாக்டரம்மா. சின்னப் பிள்ளைக கைக்கு எட்டாம, பொறுப்பான ஆள்கிட்டச் சாவியக் குடுங்கன்னு." அவள் குரல் இறங்கிவிட்டது. "அந்தச் சாவு வார்த்தைய வெளக்கேத்துற வீட்டுக்குள்ள சொன்னா பெட்டியவே திருப்பிக் குடுத்துருவாகன்னுதான..."

"ஒவ்வொரு வீட்லயும் சாவி பத்திரமா இருக்கான்னு கேட்டோம்ல?"

"கேட்டோம். பத்திரமா இருக்குன்னாக. யார்கிட்டன்னு கேக்கலயே."

"மத்த வீட்ல எல்லாம்?"

"வீட்ல இருக்கிற பொம்பளப் பிள்ளகிட்டத்தான் இருக்கும் டாக்டரம்மா. எங்க வீட்லயும் அப்படித்தான்."

அடக் கடவுளே. வயதுக்கு வந்த பெண் எந்த வீட்டில் சின்னப் பிள்ளை? ஊரே வேலைக்குப் போகிறது, சாவி வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்ணிடம் போகிறது. யாரைக் காப்பாற்றப் பெட்டி கொடுத்தோமோ அவள் கழுத்திலேயே சாவியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். இதைக் கண்டுபிடிக்க ஒரு டாக்டர் படிப்பு வேண்டாம். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. அதற்கெல்லாம் அப்போது நேரமில்லை.

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்க மாட்டேன் என்றது.

"மாரி, காலையில நீ எழுதுனதப் படிச்சேன். அதான் வந்தேன். செத்துரலாம்னு தோணுதா?"

எங்கள் ஊரில் இப்படி நேராகக் கேட்டால் பதறிப்போவார்கள். பிள்ளைகள் பதறுவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருப்பார்கள்.

"ஆமா மேடம்."

"இந்தப் பெட்டியத் தொறந்து பாத்திருக்கியா?"

தலையை ஆட்டினாள். "தெனமும் தொறப்பேன். பாத்துட்டுப் பூட்டிருவேன்."

"பூட்டணும்னு எப்படித் தோணுச்சு?"

"அப்பா சாவியக் குடுக்கையில, தம்பி கை பட்டுறக்கூடாது தாயி, நீதான் பொறுப்புன்னாரு. தம்பி ஞாபகம் வந்துரும், பூட்டிருவேன்." நாடாவிலிருந்த சாவியைத் தடவினாள். "இப்பல்லாம் தம்பி ஞாபகமும் வரமாட்டேங்குது மேடம். எனக்குப் பயமா இருக்கு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. இது மனசுக்கு வருகிற நோய், தீர்க்கிற வழி இருக்கிறது, நீ ஒன்றும் தப்பான பிள்ளை இல்லை என்றேன். எத்தனையோ பிள்ளைகளிடம் சொன்ன வார்த்தைகள்தான். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோனாலும் வேறு வார்த்தை என்னிடம் இல்லை. "அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். சொல்லுங்க என்றாள்.

வெளியே வந்து, சாவியை இனி நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றதும் உக்கிரபாண்டிக்கு முகம் மாறியது.

"அதெப்படி டாக்டரம்மா? குடுத்த சாவியத் திரும்ப வாங்குனா, புள்ள மேல நம்பிக்க இல்லன்னு ஆயிராதா? எம் புள்ள மனசு என்ன பாடுபடும்?"

"உங்க பிள்ளை தற்கொலை பண்ணிக்கலாமான்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. தினமும் அந்தப் பெட்டியத் திறந்து பார்க்கிறா."

சொல்லிவிட்டேன். இத்தனை வருடமாக எந்த வீட்டு வாசலிலும் சொல்லாமல் நாசூக்காகத் தவிர்த்துவந்த வார்த்தை. தங்கலட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இன்பராணி ஓடிப்போய் அவளைப் பிடித்தாள்.

"எம் புள்ளைக்கு என்ன கொற வச்சேன்?" என்றார் உக்கிரபாண்டி. என்னிடம் கேட்கவில்லை.

"குறை வைக்கல. காய்ச்சல் வர்றதுக்கு யாராச்சும் குறை வைக்கணுமா? இன்னைக்கே இவள அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அம்மாவும் கூட வரட்டும். தனியா விடக்கூடாது. கொஞ்ச நாளைக்குப் பூச்சிமருந்த வீட்லயே வைக்காதீங்க. பிறகும் சாவி உங்க உடம்பை விட்டு இறங்கக்கூடாது."

மாரீஸ்வரி நிலைப்படியில் வந்து நின்றாள். அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"நெசமா தாயி?"

"ஆமாப்பா."

திட்டுவார் என்று நினைத்தேன். இந்தப் பக்கத்து அப்பன்கள் பயந்தால் முதலில் திட்டத்தான் செய்வார்கள். அவர் கையை நீட்டினார். அவள் நாடாவிலிருந்து சாவியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். கழற்றியதும் பெரிய மூச்சாக ஒன்று விட்டாள், தண்ணீர்க்குடத்தை இறக்கி வைத்தவள் மாதிரி.

"பந்தல்குடிப் பக்கம் பெட்டி குடுத்த வீடுகளுக்கெல்லாம் எப்பப் போறது டாக்டரம்மா?" என்று இன்பராணி மெல்லக் கேட்டாள்.

"இன்னைக்கு எல்லாருக்கும் போனப் போடு. சாவிய மொதல்ல பெரியவங்க வாங்கட்டும். நாளைக்கு விடியக் கிளம்புறோம்."

"கோயம்புத்தூரு?"

"வாய மூடு."

உக்கிரபாண்டி கழுத்தில் இருக்கன்குடிக் கோயிலில் கட்டிய கறுப்புக் கயிறு கிடந்தது. சாவியை அதில் கோத்து முடிச்சுப் போடப் பார்த்தார். ஒருதரம் நழுவி விழுந்தது, எடுத்தார், மறுபடியும் நழுவியது. எங்களில் யாருக்கும் போய் உதவத் தோன்றவில்லை.

மாரீஸ்வரிதான் வந்தாள். "கொண்டாங்கப்பா" என்று சாவியை வாங்கிக் கயிற்றில் கோத்தாள். அவர் குழந்தைபோலக் கழுத்தைக் குனிந்து கொடுத்தார்.

"இறுக்கிப் போடு தாயி" என்றார். "நீ அவுக்க முடியாத மாதிரி போடு."

அவள் இன்னொரு முடிச்சும் போட்டாள்.