உதடு ஒட்டாத பந்தயம்

மலாயா சுதந்திரத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மலாக்கா காஜா பேராங்கில் எங்கள் வீட்டு முற்றத்தைத் துரை பங்களா போலப் புல்தரையாக்க அண்ணன் ராஜரத்தினத்துக்கு ஆசை. நடுவில் ஜம்பு மரம் நின்றது.

"வெட்டிடுவேன்," என்றார்.

"கல்யாணமாகி வந்த வருசம் நான் நட்டது. தொடக் கூடாது," என்றாள் அண்ணி கோகிலா.

ப, ம வராத, உதடு ஒட்டாத பாட்டு எழுதுவதில் இருவரும் கெட்டிக்காரர்கள். மரம் நிற்பதா விழுவதா என்பதற்கு அதையே பந்தயமாக்கினார்கள். கீழுதட்டில் சந்தனம் பூசி, பொழுது சாயும்வரை தோட்ட வேலை செய்தபடி பேச வேண்டும். யார் மேலுதட்டில் சந்தனம் ஒட்டுகிறதோ, அவர் தோற்றார். நான் நடுவர்.

மண்வெட்டி கேட்க வேண்டிவந்தபோது அண்ணன் சற்று யோசித்தார்.

"கோகிலா, சங்குல் எங்கே?"

அண்ணி என்னை முறைத்தாள்.

"மலாய்ச் சொல்லும் செல்லும் அண்ணி," என்றேன்.

"செடிக்கிட்ட கிடக்குங்க."

வெயில் ஏறியது. அண்ணி மரத்திலிருந்து ஜம்புப் பழம் பறித்து, சின்னதாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொண்டுவந்தாள்.

"களைச்சிட்டீங்க. தின்னுங்க."

அண்ணன் அண்ணாந்து, உதட்டில் படாமல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கு. இன்னொண்ணு தா."

இரண்டாவது துண்டை மெல்லும்போது கண்கள் தாமாக மூடின.

"ம்ம்ம்..."

"அண்ணே, மேலுதடு மஞ்சளா இருக்கு," என்றேன்.

அவர் உதட்டைத் துடைத்து, விரலைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

"சரிம்மா, மரம் நிக்கட்டும். புல்லை அதைச் சுத்தி நட்டுடறேன்."

பொழுது இன்னும் சாயவில்லை. அண்ணி சந்தனம் கலையாமல் தட்டை நீட்டினாள்.

"நல்லதுங்க. இன்னொரு துண்டு?"