பன்னிரண்டாவது கட்டத்தில் ஒரு கால்

"பதினோரு கட்டம் முடிச்சிட்டான். உன் ஆளு இன்னும் ஒரு கால்கூட ஊனல, டோரீன்."

ட்ரெவர் இதைச் சொன்னபோது டோரீன் பன்றிக்கறி அடைத்த ரொட்டியின் கடைசி வாயை மென்றுகொண்டிருந்தாள். மெல்லுவதை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். எழுபதை நெருங்கும் ட்ரெவர் பொய் சொல்கிறவன்தான், ஆனால் மழையில் நின்றுகொண்டு இவ்வளவு சிரமப்பட்டுப் பொய் சொல்ல மாட்டான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பன்னிரண்டாவது கட்டம்தான் கடைசிக் கட்டம். அதற்கு நடுவர் டோரீன்.

இந்த ட்ரையல் போட்டியில் வேகத்துக்கு மதிப்பே கிடையாது. ஓடை, பாறை, சேறு, செம்மறியாட்டுப் புழுக்கை எல்லாம் நிறைந்த ஒரு கட்டத்தை, 1965-க்கு முன்னால் செய்த மோட்டார் சைக்கிளில், கால் தரையில் படாமல் கடந்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை ஊன்றினால் ஒரு புள்ளி போச்சு, இரண்டு தடவைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் மூன்று. வண்டி நின்றாலோ ஆள் விழுந்தாலோ ஐந்து. பார்க்கிறவர்களுக்கு, சில கிழவர்கள் நடந்தே போகக்கூடிய இடத்துக்கு மிகவும் கஷ்டப்பட்டு வண்டியில் போகிறார்கள் என்றுதான் தோன்றும். டோரீனுக்கும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் தோன்றியது. இந்த யார்க்‌ஷர் மலையில் இருபத்திரண்டு வருஷம் நடுவராக நின்ற பிறகும் அந்த எண்ணம் பெரிதாக மாறவில்லை. ஆனாலும் நின்றாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள். அவள் ஒன்று என்றால் ஒன்று, மூன்று என்றால் மூன்று. நடுவரோடு வாதாடினால் அதற்கே ஐந்து புள்ளி என்பது கிளப்பின் சட்டம். ஒருமுறை ட்ரெவர் வாதாடி ஐந்து வாங்கினான், மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு கிறிஸ்துமஸுக்கு அவனே ஒரு பாட்டில் ஆரஞ்சு ஜாமைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

"பொய் சொல்லாத ட்ரெவர்."

"சத்தியமா. கீழ நின்னு கார்புரேட்டரத் தடவிக் குடுத்துக்கிட்டு இருக்கான். முகம் வேற வெளுத்துப் போச்சு. உனக்குத்தான் யோகம், போ. பொட்டி படுக்கையெல்லாம் கட்டி வச்சாச்சா?"

அந்தப் பெட்டி படுக்கை விஷயம் கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், கிளப்பின் கிறிஸ்துமஸ் விருந்தில், மூன்றாவது கோப்பை பீருக்கும் நான்காவதற்கும் நடுவில், டோரீனின் புருஷன் நெவில் நாற்காலி மேல் ஏறி நின்று ஒரு சபதம் செய்தான். என்றைக்கு ஒரு முழுப் போட்டியை ஒரு புள்ளிகூட இழக்காமல் முடிக்கிறேனோ, அன்றைக்கே இந்த வண்டியை விற்றுவிட்டு டோரீன் கை காட்டுகிற ஊருக்குக் குடி போவேன் என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். நெவிலைப் பற்றித் தெரிந்தவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவன் தலைகீழாக நின்றாலும் ஒரு போட்டிக்கு எட்டு புள்ளியாவது இழக்காமல் வீடு திரும்பியதில்லை.

ஆனால் டோரீன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தியாறு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் வாய் திறந்து கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். அவள் வீட்டில் அடுப்பறை என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. உறைபெட்டியில் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் பேரிங்குகள் குளிரில் சுருங்கிக்கொண்டு கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வேக வேண்டிய அடுப்பில் என்ஜின் கூடு சூட்டில் விரிந்துகொண்டிருக்கும். அடுப்பிலிருந்து எடுத்த கூட்டில் உறைபெட்டியிலிருந்து எடுத்த பேரிங்கைப் போட்டால், சுத்தியலே வேண்டாம், தானாக உட்கார்ந்துவிடும் என்று நெவில் அவளுக்கு நூறு தடவை விளக்கியிருக்கிறான். நூறு தடவையும் அவள் கையில் உரிக்க வேண்டிய உருளைக்கிழங்கு இருந்தது. பின்னால் ஓடை, மேலே மலை, நடுவில் வீடு. சுவரில் எட்டு மாதம் ஈரம், மீதி நாலு மாதம் ஈரத்தின் வாசனை. மகள் கெயில் ஃபைலியில் கடற்கரைப் பக்கம் இருந்தாள். அவள் தெருவிலேயே மாடியில்லாத ஒரு சின்ன வீடு காலியாகப் போகிறது. டோரீன் போன வாரம் பஸ் ஏறித் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். காய்ந்த சுவர். அடுப்பறையில் வெயில். வண்டி வைக்கக் கொட்டகை கிடையாது. வீட்டுக்காரி திங்கட்கிழமை வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இந்த ஒரு வாரமாக டோரீன் மனதுக்குள் அந்த வீட்டுக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள், மஞ்சள் நிறத்தில்.

நெவிலிடம் இதையெல்லாம் சொல்லியிருந்தாள். "சபதம் சபதம்தான்" என்று அவன் பெருந்தன்மையாகச் சொன்னான். அப்போது அவனுக்கு இரண்டு விஷயம் தெரியாது. கிளப்பில் பாதிப் பேருக்கு இடுப்பெலும்பு மாற்றியாகிவிட்டதால் இந்த வருஷம் தடத்தை இளக்கிப் போட்டிருந்தார்கள் என்பது ஒன்று. போன குளிர்காலம் முழுவதும் அவன் அடுப்பறை மேஜையில் பிரித்துப் பூட்டிய அந்த 1956-ஆம் வருஷத்து என்ஃபீல்டு புல்லட், அவன் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே நல்ல வேலையாக அமைந்துவிட்டது என்பது இன்னொன்று. காலையிலிருந்து அது அவன் நினைத்த இடத்தில் நின்றது, நினைத்த இடத்தில் திரும்பியது, தையல் மெஷின் மாதிரி ஓடியது. மனுஷன் தன் கையாலேயே தனக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தான்.

நெவில் தடத்தைப் பார்வையிட நடந்து வந்தான். ஓட்டுவதற்கு முன்னால் எல்லோரும் நடந்து பார்ப்பார்கள். நடக்கிற சாக்கில் இடைஞ்சலான கல்லைப் பூட்ஸ் முனையால் ஓரமாகத் தள்ளிவிடுவதும் உண்டு. அதைப் பிடித்து அதட்டுவது நடுவரின் வேலை. சொந்த வீட்டில் ஒரு புல்லைப் பிடுங்காத மனுஷர்கள் இங்கே வந்தால் காடு திருத்துவார்கள். நெவில் ஓடை நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு ஓரத்தில் கிடந்த ஒரு பெரிய கல்லைக் காலால் தள்ளினான். டோரீன் வாயைத் திறந்தாள், பிறகு குழம்பிப் போனாள். அவன் கல்லைத் தடத்தை விட்டு வெளியே தள்ளவில்லை, தடத்துக்குள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

"நெவில்! கல்லத் தொடாத!"

"தடம் ரொம்ப லேசா இருக்கு. அடுத்தவங்களுக்குப் போட்டின்னு ஒண்ணு இருக்க வேணாமா?"

"எடுத்த எடத்துலயே வை."

வைத்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமலே இறங்கிப் போனான். டோரீனுக்கு அப்போதுதான் விளங்கியது. புள்ளி எழுதும் பலகையை மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு, கடைசி மேட்டின் உச்சியில், முடிவு அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ முதல்ல போடா. இத நான் பாக்கணும்" என்று கீழே ட்ரெவர் வழிவிடுவது கேட்டது.

புல்லட் ஓடைக்குள் இறங்கியது. தண்ணீரைத் தாண்டியது, வழுக்குப் பாறையில் ஏறியது. பாறையில் பின்சக்கரம் ஒரு நொடி சறுக்கியபோது நெவிலின் உடம்பு தானாக வலப்பக்கம் சாய்ந்து சரி செய்துகொண்டது. ஐம்பது வருஷப் பழக்கம், வேண்டாம் என்றால் கேட்குமா? முள்மரத்தைச் சுற்றித் திரும்பியதும் கீழே நிற்கிறவர்களுக்கு அவன் மறைந்துவிட்டான். அவன் மேட்டில் ஏறி வந்ததை டோரீன் மட்டும்தான் பார்த்தாள். என்ன அழகாக ஓட்டினான்! அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முடிவு அட்டைக்கு இன்னும் ஒரு கஜம். வண்டி ஆடவில்லை, சறுக்கவில்லை. நெவில் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, குளிக்கிற தண்ணீரில் சூடு பார்ப்பதுபோல, இடது காலை எடுத்துப் புல்லில் மெல்ல வைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டான். அட்டையைத் தாண்டி வண்டியை நிறுத்தினான்.

ஒரு புள்ளி. சந்தேகமே இல்லை.

டோரீனின் கை மேலே போனது. விரல் நீட்டினால் நீட்டிய விரலுக்கு அத்தனை புள்ளி, மூடிய முஷ்டி என்றால் சுத்தம். பயத்தில் ஊன்றினால் அது கால், சறுக்கி ஊன்றினாலும் கால். கட்டின பெண்டாட்டியை ஏமாற்ற ஊன்றினால் அதற்குக் கணக்கு உண்டா? இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக டோரீன் பொய் சொன்னாள். முஷ்டியை உயர்த்திப் பிடித்தாள்.

முள்மரத்துக்கு மேலே முஷ்டியைப் பார்த்துவிட்டு ட்ரெவர் கீழேயிருந்து ஊளையிட்டான்.

நெவில் இறங்கி ஓடி வந்தான். "நான் கால் ஊனினேன்."

"நான் பாக்கல."

"என் கண்ணப் பாத்துக்கிட்டே நின்ன, டோரீன்!"

"கண்ணத்தான் பாத்தேன். கால எங்க பாத்தேன்?"

உலகத்தில் எந்த ஓட்டுநரும் தனக்குப் புள்ளி போச்சு என்று நடுவரிடம் கெஞ்சியதில்லை. நெவிலுக்கே அது பழக்கமில்லை. திணறினான். பிறகு முகம் தெளிந்தது. "சரி, நான் வாதாடுறேன். நடுவரோட வாதாடினா அஞ்சு. எழுது அஞ்சு."

"நீ எங்க வாதாடுற? பேசிக்கிட்டுதான் இருக்க."

"இது வாதம்தான்!"

"மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"டோரீன், சுத்தமா வந்தவன்கிட்ட என்ன சண்டை?" என்று கீழேயிருந்து ட்ரெவர் கத்தினான். "நான் வரலாமா, இல்ல இங்கயே குடிசை போட்டுக்கவா?"

"இருடா!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

நெவில் கையுறையைக் கழற்றினான். நகக்கண்ணில் போகாத கறுப்பு. மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அங்க வந்து நான் என்ன பண்ணுவேன்?" என்றான், சத்தம் குறைந்து. "சொல்லு. ஜன்னல் வழியா கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? எனக்கு வேற ஒண்ணுமே தெரியாது டோரீன். பயமா இருக்கு."

இந்த மனுஷன் இப்படி ஒரு வார்த்தையை அவளிடம் இதற்கு முன்னால் சொன்னதே இல்லை. டோரீனுக்கு நெஞ்சு இளகியது. இளகிய வேகத்திலேயே எரிச்சலும் வந்தது, ஏனென்றால் அவளுக்கும் கால் நனைந்திருந்தது.

"நீ வந்து பண்றதுக்கு ஒண்ணுமில்லன்னு பயப்படுற. நான் இருபத்திரண்டு வருஷமா இந்த மழையில நின்னு என்ன பண்ணேன்னு நெனச்ச? எனக்கு வண்டியப் பாக்கவா ஆசை? நீ உருண்டு விழுந்தா தூக்க ஒரு ஆள் வேணுமேன்னு நின்னேன். நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு. ஒரு நாளாவது, நீ போய் கார்ல உக்காரு டோரீன், நான் நிக்கிறேன்னு சொன்னியா?"

உண்மையிலேயே நெவிலுக்கு அது ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

டோரீன் கோட்டுக்குள்ளிருந்து பலகையை எடுத்தாள். நூலில் தொங்கிய பென்சிலோடு அதை அவன் கையில் திணித்தாள். "நானும் பொய் சொல்லிட்டேன். இனி நான் இதுக்கு லாயக்கில்ல. உன் கட்டத்துல நான் ஒண்ணும் எழுதல. நீயே எழுது. என்ன எழுதினாலும் நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"ட்ரெவர் வரணுமே—"

"ஆமா, வரணும். நடுவர் இல்லாம வர முடியாது. நில்லு."

அவள் திரும்பிப் பார்க்காமல் சரிவில் இறங்கி, வேலிக் கதவைத் திறந்து, மூடி, காரில் போய் உட்கார்ந்தாள். பூட்ஸைக் கழற்றினாள். ஒரு பூட்ஸிலிருந்து அரைக் கோப்பைத் தண்ணீர் கொட்டியது. ஈரக் காலுறையோடு காலைத் தூக்கி டாஷ்போர்டு மேல் வைத்துக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். பிறகு சட்டைக் கையால் ஒரு ஓட்டை அளவுக்குத் துடைத்தாள்.

மேட்டின் உச்சியில் நெவில் நின்றான். அவள் நின்ற அதே பள்ளத்தில், கணுக்கால் வரை தண்ணீரில். ட்ரெவர் முக்கி முனகி மேலே ஏறி வந்து, முள்மரத்தடியில் ஒரு காலை ஊன்றினான், அப்புறம் இன்னொரு காலை. நெவில் கொஞ்சமும் தயங்காமல் இரண்டு விரலை உயர்த்தினான். ட்ரெவர் கையை வீசி என்னவோ சொன்னான். நெவில் தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் பலகையில் எழுதினான். ட்ரெவர் போய்விட்டான்.

நெவில் மட்டும் நின்றான். பலகையை மழைக்குக் காட்டாமல் வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்த்தான். பென்சில் முனையை வாயில் வைத்து ஈரப்படுத்தினான், ஏற்கெனவே நனைந்த பென்சிலை. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றான். ஆவி மறுபடி மூடிக்கொண்டது. டோரீன் துடைத்தாள். அவன் இன்னும் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுபடி மூடியது, மறுபடி துடைத்தாள்.