சத்தம் வைக்காத பாடம்

பதினேழு, பதினெட்டு என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தபோது யாரோ குளியலறைக் கதவைத் தட்டினார்கள். தமீம் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். சோப்புப் பெட்டியில் சாய்த்துவைத்த செல்போனில், முகம் காட்டாத ஒரு பெண்ணின் இரண்டு கைகள் நீல உல்லன் நூலைக் குரோஷா ஊசியால் இழுத்து இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தன. அவன் மடியிலும் அதே நீலம்தான், கையிலும் அதே நாலாம் நம்பர் ஊசிதான். விளைவு மட்டும் வேறு.

"மச்சான், உம்மா ஓமத்தண்ணி வச்சிருக்காங்க. ஆறுறதுக்குள்ள வரணுமாம்." மனைவி ஸஹ்லாவின் குரல்.

"வாரேன்," என்றான், வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவனின் குரலில். இந்த இருபத்தாறு நாளில் அந்தக் குரல் அவனுக்கு நன்றாகவே படிந்துவிட்டது.

காயல்பட்டினத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். போனவன் சாகும்வரை அங்கே மாப்பிள்ளை. அவன் தும்மினால் வீடு திரும்பிப் பார்க்கும். இரண்டு தோசையோடு எழுந்தால் சமையலறையில் விசாரணை நடக்கும். தமீம் சார்ஜாவில் ஒரு கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். கல்யாணத்துக்குப் பிறகு வந்திருக்கும் முதல் லீவு, மொத்தம் நாற்பது நாள். பன்னிரண்டாம் நாள் காலையில், மாமி தட்டில் இடியாப்பம் வைத்துக்கொண்டிருக்கும்போது, செல்போனில் நாலு வரி வந்தது. கம்பெனி மூடப்படுகிறது. விசா ரத்து. திரும்பி வர வேண்டாம். கடைசி வரி, இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றி. அவன் இடியாப்பத்தைச் சாப்பிட்டு முடித்தான். இன்னும் ரெண்டு வைக்கட்டுமா என்று மாமி கதவைப் பார்த்துக் கேட்டார். மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவது மரியாதை இல்லை என்பதால் அவர் எப்போதும் கதவிடம்தான் பேசுவார். தமீம் வைக்கச் சொன்னான்.

அன்று மதியம் கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளரைப் பிடித்தால் தண்ணீருக்கே தெரிந்தது. ராத்திரி செல்போனைத் தள்ளிக்கொண்டே போனபோது அந்த இரண்டு கைகள் வந்தன. ஒன்று நூலை இறுக்க, மற்றது ஊசியைச் செலுத்த, இரண்டுக்கும் நடுங்க நேரமே இல்லை. மறுநாள் தூத்துக்குடிக்கு பஸ் ஏறி ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நின்றான். யாருக்கு அண்ணாச்சி என்று கடைப்பெண் கேட்க, வைஃபுக்கு என்றான். எந்தக் கலர் பிடிக்கும் அவங்களுக்கு என்ற அடுத்த கேள்விக்கு பதில் தெரியவில்லை. நீலம் என்று சொல்லிவைத்தான்.

குளியலறையில் சத்தம் வைத்தால் வெளியே கேட்கும். அதனால் பாடம் முழுவதும் ஊமைப்படம். இருபது கண்ணி போட வேண்டும், திருப்ப வேண்டும், மறுபடி இருபது. அவனுக்கு மட்டும் இருபத்தொன்று வந்தது. பிறகு இருபத்திரண்டு. பிரித்துப் போட்டாலும் அதே கதைதான். ஸ்டாக் எடுக்கும்போது குறைந்தால் திருட்டு என்று தெரியும். கூடினால் என்னவென்று எந்த ஸ்டோரிலும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு கட்டத்தில் பிரிப்பதை விட்டுவிட்டான். அது பாட்டுக்கு அகலமாகிக்கொண்டே போனது. பின்னி முடித்ததும் சூட்கேஸின் அடித்துணிக்குக் கீழே ஒளித்துவைப்பான். சார்ஜா போகும்வரை அதை யாரும் திறக்கமாட்டார்கள், அவனும் சார்ஜா போகப்போவதில்லை என்பதால், அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று நம்பினான்.

லீவின் முப்பதாம் நாளிலிருந்து பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. ஊரில் யார் வளைகுடாவுக்குக் கிளம்பினாலும் தெருவே அவன் கையில் கொடுத்தனுப்பும். மருமகனுக்கு மாசிக் கருவாடு, தம்பிக்கு நார்த்தங்காய் ஊறுகாய், யாரோ ஒருவருக்கு மக்ரூன் டப்பா, உடையக்கூடாது என்ற கண்டிப்போடு. ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் பெயர். வெள்ளிக்கிழமை ராத்திரி திருவனந்தபுரத்தில் ஃப்ளைட்டு, டிக்கெட்டைக் கம்பெனி அனுப்பும் என்று தமீம் சொல்லிவைத்திருந்தான். மாமனார் மஹ்மூது ஹாஜியார் கொக்கித் தராசில் ஒவ்வொரு பொட்டலத்தையும் தொங்கவிட்டுப் பார்த்து, இதுக்கு மேல ஏத்துனா மாப்புள இடுப்புவேட்டிய இங்கன வச்சுட்டுத்தான் போவணும் என்றார். வீடே சிரித்தது. தமீமும் சிரித்தான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

ஊறுகாய் போகாவிட்டால் யாருக்கும் உயிர் போகாது என்று அவன் தனக்குள் ஒரு சமாதானம் செய்துவைத்திருந்தான். புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதற்கும் வேட்டு வந்தது. நாலு வீடு தள்ளியிருக்கும் சக்கீனா சாச்சி, முந்தானைக்குள்ளிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தார். வேறு யார் காதிலும் விழக்கூடாதென்று குனிந்து பேசினார்.

"அஸ்லமுக்கு வலிப்பு மாத்திரை, மாப்புள. ஞாயித்துக்கிழமையோட அவன்கிட்ட முடியுது. அங்கன டாக்டர்கிட்ட போனா கம்பெனிக்குத் தெரிஞ்சு போயிரும், ஊருக்கு அனுப்பிருவான். நீங்க இருக்கிய, கவலப்படாதேன்னு சொல்லிட்டேன்."

சாச்சியின் மகன் அஸ்லம் சார்ஜாவில் வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். தமீம் கவரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான். வேறு யாராவது இந்த வாரம் போகிறார்களா என்று விசாரிக்கலாம். ஆனால் இந்த ஊரில் அப்படிக் கேட்பவனுக்குக் கிடைக்கும் முதல் பதில், ஏன், நீ போவலையா என்பதுதான்.

அஸர் தொழுதுவிட்டு வந்தபோது சூட்கேஸ் அறை நடுவில் வாயைப் பிளந்து கிடந்தது. மாமி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்துப் புதிதாக அடுக்கிக்கொண்டிருந்தார். கட்டிலில் ஸஹ்லா. அவள் மடியில் நீலம்.

மாமி கதவிடம் சொன்னார், மாப்புள அடுப்படிக்குக் கைத்துணி வாங்கி வச்சிருக்காங்க போல, கோணலா இருக்கு, கடைக்காரன் ஏமாத்திட்டான். பிறகு மக்ரூனுக்குப் பழைய துண்டு எடுத்துவர உள்ளே போய்விட்டார்.

ஸஹ்லா அதில் செருகியிருந்த ஊசியைத் தொட்டுப் பார்த்தாள். கடையில் வாங்கிய எதிலும் ஊசி தொங்காது என்று அவளுக்குத் தெரியும்.

"யாரு பின்னுனது?"

"நாந்தான்."

"கீழ இருவது கண்ணி இருக்கு. மேல எண்ணுனேன், முப்பத்தொம்போது. ஏன் இப்புடி?"

"வீடியோவச் சத்தம் வைக்காமப் பாத்தேன். அந்தப் பொம்பள என்னமோ சொல்லுதா. என்னன்னு கேக்கல."

"ஏன் சத்தம் வைக்கல?"

ஆயிரம் பதில் தயார் செய்துவைத்திருந்தான். எல்லாம் டிக்கெட்டு பற்றிய கேள்விகளுக்கு.

"கம்பெனிய மூடிட்டான், ஸஹ்லா. விசா போச்சு. வெள்ளிக்கிழம எனக்கு ஃப்ளைட்டு கிடையாது."

அவள் முகம் மாறவில்லை. அது அவனை இன்னும் பயமுறுத்தியது. உள்ளே மாமி பீரோவை இழுக்கும் சத்தம் கேட்டது.

"என்னைக்கு?"

"இருவத்தாறு நாளாச்சு."

"இருவத்தாறு நாளா பாத்ரூம்லயா இருந்திய?"

"ஆமா."

"எங்க உம்மா தெனமும் ஓமத்தண்ணி வச்சுத் தந்துக்கிட்டு இருக்கா."

"குடிச்சேன்," என்றான் தமீம்.

அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பா, அழுகையா என்று பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கிட்டகூட சொல்லத் தோணலையா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். அவளும் அவள் உம்மா மாதிரி வேறெதையோ பார்த்து அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்துக் கட்டிலில் வைத்தான். யாருடையது, ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்று மட்டும் சொன்னான். ஸஹ்லா கவரைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து கொடியிலிருந்து பர்தாவை இழுத்தாள்.

"மாசி போகாட்டா போவுது. சாச்சிகிட்ட இப்பமே சொல்லணும். நாளைக்கு யாரு போறான்னு அவங்க தேடட்டும்."

"ஊருக்கே தெரிஞ்சிருமே."

"தெரியும்," என்றாள். "நீங்க சொல்லுதியளா, நான் சொல்லவா?"

அவன் கவரை எடுத்துக்கொண்டான்.

இந்த ஊரில் ஆண்களுக்கு முன்வாசல் தெரு, பெண்களுக்கு வீடுகளின் பின்னால் ஓடும் முடுக்கு. அவள் பின்கதவு வழியாக இறங்கினாள், அவன் முன்வாசலில் செருப்பைத் தேடினான். நாலு வீட்டுத் தூரம்தான். எதிரே வந்த ஒருவர், என்ன மாப்புள, வெள்ளிக்கிழமையா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். முதல் வீட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவிலிருந்த சந்தில் தமீம் பார்த்தான். மறுமுனை வெளிச்சத்தில் கறுப்பாக அவள் கடந்தாள். அடுத்த சந்திலும் அவனோடு சரியாகக் கடந்தாள். மூன்றாவது சந்தில் யாரும் இல்லை. முந்திவிட்டாளா, எங்கேயாவது நின்றுவிட்டாளா, திரும்பியே போய்விட்டாளா என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம் அங்கேயே நின்றான். ஒரு பூனை குறுக்கே போனது.

சக்கீனா சாச்சி வீட்டு வாசலில் நின்று கவரைக் கை மாற்றிக்கொண்டான். வியர்வையில் ஒரு மூலை நைந்திருந்தது. கதவை இரண்டு முறை தட்டினான். அவன் கை கீழே இறங்குவதற்குள், வீட்டின் மறுகோடியில் முடுக்குப் பக்கக் கதவு தட்டப்படும் சத்தம் கேட்டது.

உள்ளே காலடி முன்வாசலை நோக்கி வந்தது. பிறகு நடுவீட்டில் நின்றது.