லாரித் தண்ணிக்குப் பாடு

ஜெசிந்தா வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்தது வேண்டுமென்றேதான். பதினோரு வயசுப் பெண்ணுக்கு இவ்வளவு அழுத்தமா என்று கேட்காதீர்கள். அவளுக்கு இருந்த கோபத்துக்கு அது ரொம்பக் குறைச்சல்.

நாலு மாசம் முன்பு வரை பழவேற்காடு ஏரிக்கரையில் சவேரியார் குப்பம்தான் அவளுக்கு ஊர். அப்பா பிராங்க்ளினுக்கு வலை இழுக்கும்போது தோள்பட்டை விலகிவிட்டது. இனிமேல் வலையைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் என்ன, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சட்டி பானையை லோடு வண்டியில் ஏற்றி, அவளையும் ஏற்றி, மீஞ்சூரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். உனக்குச் சம்மதமா என்று ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் கொடுக்கவில்லை.

அப்பாவுக்கு ஒரு குடோனில் ராத்திரி வாட்ச்மேன் வேலை. அம்மா பிலோமினாவுக்கு ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கும் வேலை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறை வீடு. அந்தத் தெருவில் போர் தண்ணியை வாயில் வைக்க முடியாது, அப்படி ஒரு உப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தண்ணி லாரி வரும். இருபத்திரண்டு வீட்டுக்கும் குடிக்க, சமைக்க அதுதான். அம்மாவின் கம்பெனி வேனோ ஆறரைக்கு வந்துவிடும். அப்பா வீடு திரும்ப எட்டாகும், திரும்பினாலும் அந்தத் தோளில் குடம் ஏறாது. ஆகவே தண்ணி பிடிப்பது ஜெசிந்தாவின் தலையில் விழுந்தது.

முதல் மூன்று மாசம் அவள் நிஜமாகவே முட்டி மோதித்தான் பார்த்தாள். நடக்கிற காரியமா? லாரி நிற்பதற்குள் ஜமுனா ஹோஸைப் பிடித்துவிடுவாள். பதினைந்து வருஷமாக அந்தத் தெருவில் இருக்கிறவள். அவள் குடம், அவள் தங்கச்சி குடம், அவளுக்கு வேண்டப்பட்டவர்கள் குடம் எல்லாம் தளும்பிய பிறகுதான் ஹோஸ் கைமாறும். வரிசை என்று ஒன்று பேருக்கு உண்டு. அதைப் பற்றி வாயைத் திறந்தால், "இன்னாடி, நேத்து வந்துட்டு என்கிட்டயே சட்டம் பேசுற?" என்பாள். எதிர்த்துப் பேச ஆள் கிடையாது.

அப்படி ஒரு நாள் தண்ணி கிடைக்காமல் போக, அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினாள். வேன் போய்விட்டது. பஸ் பிடித்து வேலைக்குப் போனால், இன்னொரு தபா லேட்டாக வந்தால் அப்படியே வீட்டுக்குப் போய்விடு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இந்த வேலையும் போச்சுனு வையி, திரும்பக் குப்பத்துக்கே போயி ஏரிச் சேத்துல கைய வுட்டு எறா தடவித்தான் பொழைக்கணும்" என்றாள். அம்மா வயிறெரிந்து சொன்ன வார்த்தை அது. மகளுக்கு அது பாயசமாக இனித்தது.

அவ்வளவுதான். அன்றிலிருந்து யாராவது இடித்தால் ஜெசிந்தா நகர்ந்துகொண்டாள். பின்னால் போ என்றால் போனாள். அடுத்தடுத்து இரண்டு தடவை குடத்தில் சொட்டுத் தண்ணி இல்லை. பக்கத்து வீட்டில் கைநீட்டி அம்மா எப்படியோ சமாளித்தாள்.

மூன்றாவது தடவை, ஒரு புதன்கிழமை, அம்மா கம்பெனிப் புடவையைக் கட்டிக்கொண்டு தானே ஒரு குடத்தோடு கிளம்பிவிட்டாள், மகள் கையில் இன்னொன்று. "வா, இன்னிக்கு நானும் வரேன். புடிச்சி வெச்சிட்டு அப்படியே வேனுக்கு ஓடிடுறேன்."

இன்றைக்கு வேன் தப்பினால் வேலை போச்சு. வேலை போனால் ஊர்தான். லாரி லேட்டாக வரட்டும் மாதாவே என்று ஜெசிந்தா வேண்டிக்கொண்டாள். மாதாவும் கேட்டுவிட்டாள் போல. லாரி வரும்போது மணி ஆறேகால்.

டிரைவர் கேசவன் இறங்கி வால்வைத் திறந்ததும் கூட்டம் பாய்ந்தது. அம்மாவும் குடத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நுழைந்தாள். ஜமுனாவின் முழங்கை ஒரு இடி இடித்தது. அம்மா சேற்றில் விழுந்தாள், குடம் உருண்டது.

"பின்னால போயி நில்லு. மீன் கவுச்சி மேல வந்து வுழுது பாரு" என்றாள் ஜமுனா. நாலு பேர் சிரித்தார்கள்.

குப்பத்தில் இறால் எடையைக் குறைத்த ஏலக்காரனைத் தராசோடு சேர்த்து உலுக்கியவள் பிலோமினா. இப்போது எழுந்திருப்பாள், ஒரு கை பார்ப்பாள் என்று ஜெசிந்தா காத்திருந்தாள். அம்மா எழுந்தாள். புடவையில் சேறு. போனில் மணி பார்த்தாள். "அக்கா, ஒரே ஒரு கொடம் வுடுங்கக்கா. வேன் போயிடும்கா. வேலை போயிடும்கா" என்றாள். முகத்தில் அப்படி ஒரு பயம். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அம்மா ஒருத்தரிடம் கெஞ்சி ஜெசிந்தா அதுவரை பார்த்ததில்லை. இந்தக் கெஞ்சலில் பாதி தன்னால் வந்தது என்று சுரீரென்று உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. லாரியின் பின்பக்கப் படியில் தாவி ஏறினாள், வால்வை இரண்டு கையாலும் திருகி மூடினாள். ஹோஸ் தொய்ந்து விழுந்தது.

"ஏய், எறங்கு. இன்னா வெளையாடுறியா?" என்றார் கேசவன்.

"எறங்க மாட்டேன். சீட்டுப் போடுங்க, எறங்குறேன்."

"இன்னா சீட்டு?"

"எங்க குப்பத்துல போடுவாங்க. பாடுனு சொல்லுவாங்க. அத்த போடுங்க."

ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் விழாது. முகத்துவாரத்தை ஒட்டிய இடத்துக்கு எல்லோரும் அடித்துக்கொள்ளாமல் இருக்க, யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். மறுநாள் ஒவ்வொருத்தரும் ஓரிடம் நகர வேண்டும். பெரிய குடும்பம், சின்னக் குடும்பம் என்ற பேச்சே அதில் எடுபடாது. இதையெல்லாம் அவள் மூச்சு வாங்க, தப்பும் தவறுமாகச் சொல்லி முடிப்பதற்குள் ஜமுனா அவள் காலைப் பிடித்து இழுத்தாள். ஜெசிந்தா வால்வை விடவில்லை.

பின்வரிசையில் இருந்து சுதா என்கிறவள் வந்து ஜமுனாவின் கையைத் தட்டிவிட்டாள். "வுடு அந்தப் பொண்ண. ஒரு மாசமா எனக்கு அரைக் கொடந்தான். சீட்டே போடலாம்" என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும், ஆமாம், போடுங்கள் என்று ஆரம்பித்தார்கள். இத்தனை நாள் இந்த வாயெல்லாம் எங்கே இருந்ததோ.

"அஞ்சு நிமிசம் தரேன். முடிச்சா முடிங்க, இல்லாட்டி வண்டிய எடுத்துக்கினு போயிக்கினே இருப்பேன்" என்றார் கேசவன். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

சுதா தன் மகன் நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தாள். ஜெசிந்தா ஒன்று முதல் இருபத்திரண்டு வரை எழுதினாள். அவசரத்தில் நம்பர்கள் கோணிக்கொண்டு போயின. மடித்து மடித்து அம்மாவின் காலிக் குடத்துக்குள் போட்டாள்.

ரயில்வே கேட்டுப் பக்கம் வேன் ஹாரன் அடித்தது. அம்மா குடத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், நகர முடியாமல் நின்றாள்.

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால் போதும், ஊருக்குப் போய்விடலாம். ஜெசிந்தாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"நீ போம்மா. தண்ணி நான் புடிச்சாறேன்" என்றாள். அம்மா சேற்றுப் புடவையோடு ஓடினாள். வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஒவ்வொருத்தராகக் குடத்துக்குள் கைவிட்டார்கள். ஜமுனாவுக்கு வந்தது பதினேழு. அவள் சீட்டைக் கசக்கினாள். "எல்லாம் ஃபிராடு. தனக்கு நல்ல நம்பரா ஒளிச்சி வெச்சிருப்பா."

"எழுதுனவங்க எடுக்கக் கூடாது. மிஞ்சுறதுதான் அவங்களுக்கு. எங்க ஊர்ல அப்படித்தான்" என்றாள் ஜெசிந்தா.

கடைசியில் குடத்தில் ஒரே ஒரு சீட்டு மிஞ்சியது. சுதா அதை எடுத்துப் பிரித்தாள். இருபத்திரண்டு.

யாரும் சிரிக்கவில்லை. ஜமுனா மட்டும், "அப்போ நாளான்னிக்கு?" என்று கேட்டாள்.

"கடைசி ஆளு மொத ஆளாயிடும். மத்தவங்க எல்லாம் ஒண்ணு தள்ளிப் போவணும்."

ஆளுக்கு இரண்டு குடம் என்று பேச்சானது. ஜெசிந்தா தன் குடத்தின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். பதினேழாவதாக வந்த ஜமுனா மூன்றாவது குடத்தை வைத்தாள். வரிசையில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டாள். இருபத்தொன்று முடிந்தபோது ஹோஸ் இருமியது. ஜெசிந்தாவுக்கு ஒரு குடம் நிறைந்தது, இரண்டாவதில் கால் குடம் விழுந்தது, அதோடு சரி. இடுப்பில் நிறைகுடமும் கையில் கால் குடமுமாக அவள் வீட்டுக்கு நடந்தாள். கால் தள்ளாடினாலும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

எட்டு மணிக்கு வந்த பிராங்க்ளின் முதலில் குடத்தைத்தான் பார்த்தான். "அம்மா?"

"வேலைக்குப் போயிட்டா நைனா."

அதைச் சொன்னதும் அவளுக்கு அழுகை வெடித்தது. வேண்டுமென்றே வெறுங்குடத்தோடு வந்தது, அம்மா விழுந்தது, கெஞ்சியது எல்லாவற்றையும் விக்கிக்கொண்டே சொன்னாள். இனிமேல் ஊருக்குப் போகவே முடியாது என்றும் சொன்னாள். பிராங்க்ளின் திட்டவில்லை. நல்ல கையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டான்.

"உன்ன ஒரு வார்த்த கேக்காம கூட்டியாந்துட்டோம்" என்றான். "இப்போ கேக்குறேன். நாளைக்கு சாய்ங்காலம் மேரி அத்த வூட்டுக்குக் கூட்டிக்கினு போவட்டா? ரெண்டு மூணு நாள் குப்பத்துல இருந்துட்டு வா."

ஜெசிந்தா மூக்கை உறிஞ்சினாள். விரல் விட்டு எண்ணினாள்.

"நாளைக்கு வேணாம் நைனா. வெள்ளிக்கெழம லாரிக்கு நம்மதான் மொத ஆளு. தண்ணி புடிச்சிட்டுப் போலாம்."