போதகருக்குக் குரல் போன வருஷம்

தொண்டை ஆபரேஷன் முடிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குரல் திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். போதகருக்கு மிஞ்சியது காற்றோடு காற்றாக ஒரு முனகல். அவர் வாயருகே காதை வைத்தால்தான் அது புரியும். அப்படிக் கேட்கப் பழகியவள் அவர் மனைவி ஒருத்திதான்.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலையே படிக்கிறவளுக்கு வீட்டுக்காரரின் முனகல் எம்மாத்திரம்! ஆனால் ஒரு சாயங்காலம் அவர் முனகியதைக் கேட்டு, தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தாள்.

"என்னங்க, திரும்பச் சொல்லுங்க."

"பொறுப்பை விட்டுடறேன். பேச முடியாத போதகர் சபைக்கு பாரம். ஞாயிற்றுக்கிழமை நீயே சொல்லிடு."

அவள் மன்றாடிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். மனுஷன் பிடித்த பிடியை விடவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் எழுந்து நின்று அதைச் சபைக்குச் சொன்னாள்.

பின்வரிசையிலிருந்து தையல்காரி எழுந்தாள். அவள் கூட்டத்தில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"எம் புருஷன் செத்த அன்னிக்கு ஐயா வீட்டுக்கு வந்தாரு. ஒரு வார்த்தை பேசல. நேரா அடுப்படிக்குப் போய் எம் பிள்ளைங்களுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாரு. ராத்திரி வரைக்கும் கூடவே உட்கார்ந்திருந்தாரு. அன்னிக்கு நான் பிழைச்சதே அதாலதான். இப்பப் பேச முடியலைன்னா என்னங்க?"

பஸ் ஓட்டுகிறவர் துள்ளி எழுந்தார். சாதாரணமாகப் பேசினாலே தெருக்கோடி வரை கேட்கும் என்பதால் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர்.

"ஐயா எங்கேயும் போகக்கூடாது! பிரசங்கத்த நாங்க பாத்துக்கறோம்!"

"யாரு, நீங்களா?" என்று யாரோ கேட்க, சபையே சிரித்தது.

"ஆமா, முதல் ஆளா நான்தான்!" என்று சொன்ன பிறகுதான், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவருக்கு உறைத்தது. "ஆனா ஐயா, நீங்க சொல்லிக்கொடுக்கணும்."

போதகர் தலை குனிந்தார். அப்புறம் மெல்லத் தலையாட்டினார். சரி என்றுதான்.

அந்த வாரம் முழுக்க ஹாரன் டியூட்டி முடிந்ததும் அவர்கள் வீட்டுக்கு வந்து பேசிப் பழகினார். போதகர் முனகுவார், மனைவி எடுத்துச் சொல்வாள். ஒருநாள் அவர் நீளமாக என்னவோ முனகினார்.

"நல்லா இல்லையாம்," என்றாள்.

"அவ்வளவு நேரம் பேசினாரே அம்மா?"

"மிச்சத்த நான் முழுங்கிட்டேன் தம்பி."

போதகர் சத்தமே இல்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் அவள் பார்த்தாள்.

ஞாயிறு வந்தது. ஹாரன் எழுந்து பேசினார். மைக் தேவைப்படவில்லை. தூங்கிய குழந்தைகள் எல்லாம் அலறி எழுந்தன. ஆனால் சொல்ல வந்ததைத் தடுமாறாமல் சொல்லி இறங்கினார்.

அடுத்து, அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்து. போதகர் மேசைக்குப் போனார். அவருக்காக வார்த்தைகளைச் சொல்ல மனைவி பக்கத்தில் நின்றாள். அவர் அப்பத்தை உயர்த்தினார், உதடு அசைந்தது. அவள் வாயெடுக்கும் முன்பே முன்வரிசை சொல்ல ஆரம்பித்தது. பிறகு நடுவரிசை, பிறகு எல்லோரும். வருஷக்கணக்காக அவர் வாயிலிருந்து கேட்ட வார்த்தைகள். அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, குரலைத் தாழ்த்துகிற இடத்தில் தாழ்த்தி, ஒரே குரலாகச் சொன்னார்கள். தையல்காரி கண்ணை மூடிச் சொன்னாள். ஹாரன்கூட அடக்கித்தான் சொன்னார்.

மனைவிக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. இத்தனை பேரை இந்த மனுஷன் வளர்த்திருக்கிறாரே என்று நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பின் பொறுப்பை விடுகிற பேச்சை அவர் எடுக்கவில்லை. அடுத்த வாரப் பிரசங்கத்துக்குத் தையல்காரி பெயர் கொடுத்திருந்தாள்.